லீவ்ல வந்த தம்பி தினமும் குடிக்கிறான், யூனிட்டுக்கு தெரிஞ்சா வேலை போயிடுமா?

பல்லாவரம்_அக்கா:

வணக்கம், ஆர்மில இருந்தவங்க இல்லனா டாக்டர், நர்ஸ் யாராச்சும் இருந்தா பதில் சொல்லுங்க ப்ளீஸ். கொஞ்சம் பெருசா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

என் தம்பிக்கு 20 வயசு. அக்னிவீர்ல (நாலு வருஷ ஆர்மி வேலை) செலக்ட் ஆகி வடக்க ஒரு சென்டர்ல ட்ரெயினிங் முடிச்சு யூனிட்ல ஜாயின் பண்ணிட்டான், இப்ப லீவ்ல வந்திருக்கான். போறதுக்கு முன்னாடி குடிச்சதே இல்லன்னு சொல்ல மாட்டேன், ஃப்ரெண்ட்ஸ் கூட கோவளம் போனா பீர் அடிப்பான், அவ்ளோதான். ட்ரெயினிங் முடிச்சு மொத தடவ வந்தப்ப ஒரு காதுகுத்து ஃபங்ஷன், எங்க மாமாங்க எல்லாம் சேர்ந்து மண்டபத்துக்கு பின்னாடி உக்கார வெச்சு "மிலிட்டரிக்காரன் வந்துட்டான்டா, ஊத்துடா"ன்னு ஆரம்பிச்சு வெச்சாங்க. கேன்டீன்ல என்ன ரேட்டு, எனக்கு ரெண்டு எடுத்துட்டு வாடான்னு அதே பேச்சுதான். சாப்டியா தூங்கினியான்னு ஒருத்தரும் கேக்கல.

இந்த தடவ கதை வேற. மத்தியானம் 12 மணிக்கு கடை தொறக்கற நேரத்துக்கு கரெக்டா வண்டிய எடுத்துடறான். 21 வயசு ஆகாதவங்களுக்கு விக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு, ஆனா முடிவெட்டைப் பார்த்தாலே மிலிட்டரின்னு தெரியுது, எவன் கேக்கப்போறான். நேத்து துணி காயப்போட மாடிக்கு போனா சின்டெக்ஸ் டேங்க்குக்கு பின்னாடி காலி குவாட்டர் பாட்டில். தூக்கி எறிஞ்சிருந்தா கூட பரவால்லங்க, வரிசையா நிக்க வெச்சிருக்கான், லேபிள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, நடுவுல ஒரே அளவு இடைவெளி விட்டு. அதப் பார்த்ததும் எனக்கு வயித்த என்னமோ பண்ணிடுச்சு.

விடியக்காலை எந்திரிச்சு இருட்டுல கட்டில்ல உக்காந்திருக்கான். எதிர்ல ஸ்கூல் கிரவுண்டு, பீட்டி சார் விசில் ஊதினா தூக்கி வாரிப்போடுது அவனுக்கு. காலைல டீ கிளாஸ் ரெண்டு கையாலதான் பிடிக்கறான். என்னடான்னு கேட்டா "ஒண்ணும் இல்லக்கா, குளிரு"ங்கறான், பல்லாவரத்துல எங்கங்க குளிரு.

அப்பா இல்ல எங்களுக்கு. நாலு வருஷம் முடிஞ்சா 25 பர்சென்ட் பேரைத்தான் பர்மனென்ட் பண்ணுவாங்க, அதுல இவன் வரணும்னு அம்மா வேண்டாத சாமி இல்ல. இதை வெளில சொன்னா வேலையே போயிடும்னு அம்மா பயப்படறாங்க. கரன்ட் கம்பத்துல ஒட்டியிருந்த "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்க" நம்பருக்கு போன் பண்ணி ஒரு பவுடர் வேற வாங்கிட்டாங்க, சாம்பார்ல கலந்துடலாம்ங்கறாங்க. நான் புடுங்கி என் பீரோல வெச்சிருக்கேன். குடுக்கலாமா? யூனிட்டுக்கு சொல்லலாமா, வேணாமா?

சீனு_தாம்பரம்:

மிலிட்டரின்னா ரம் இல்லாமலா சிஸ்டர். சண்டைக்கே போகாத பையனுக்கு என்ன மனசு கஷ்டம்? லீவ் முடிஞ்சு போனா உஸ்தாத் (ட்ரெயினிங் குடுக்கறவர்) ரெண்டு ரகடா குடுப்பாரு, அதான் உடம்ப வருத்தற பனிஷ்மென்ட், தானா தெளிஞ்சிடும். ரொம்ப யோசிக்காதீங்க.

ஹவில்தார்_ரிட்டையர்டு:

சீனு தம்பி, தெரியாத விஷயத்துல வாய வெக்காதப்பா.

பல்லாவரத்து தங்கச்சி, நான் மெடிக்கல் கோர்ல நர்ஸிங் அசிஸ்டென்ட்டா இருந்து வந்தவன், சொந்த ஊரு வேலூர் பக்கம், எங்க பக்கத்துல கம்மவான்பேட்டைன்னு வீட்டுக்கு வீடு பட்டாளத்துல ஆள் இருக்கற ஊரே உண்டு. அதனால லீவ்ல வர்ற பசங்களையும் பார்த்திருக்கேன், வார்டுல படுத்திருக்கற பசங்களையும் பார்த்திருக்கேன்.

மொதல்ல அந்த பாட்டில் வரிசை. அது கிட் லேஅவுட்மா, சாமான பரப்பி வெச்சு காட்டற முறை. ட்ரெயினிங்ல பெட்டு மேல மெஸ் டின், சாக்ஸ், ஷேவிங் பிரஷ் எல்லாம் இஞ்ச் சுத்தமா அடுக்கணும், ஒண்ணு கோணினாலும் மொத்தத்தையும் கலைச்சு வெளிய எறிவாங்க. பையன் போதைல கூட அத விடல, அந்தளவுக்கு பயம் உள்ள ஏறியிருக்கு. அவன் கெட்டுப்போயிட்டான்னு நினைக்காத. ட்ரெயினிங் சென்டர்ல ரங்ரூட் பசங்களுக்கு, அதாவது புதுசா சேர்ந்தவங்களுக்கு, சரக்கு கெடையவே கெடையாது, பிடிபட்டா தொலைஞ்சான். அதனால "ஆர்மி குடிக்க கத்துக்குடுத்துச்சு"ன்றது இங்க பாதி கதைதான். ஆறு மாசத்துக்கு மேல மூச்சு முட்ட வெச்சிருந்து, பாஷை தெரியாத ஊர்ல, யார்கிட்டயும் அழ முடியாம இருந்த பையன் லீவ்ல வர்றான், வந்தவனுக்கு உங்க மாமாங்க கிளாஸ குடுத்திருக்காங்க. அன்னிக்கு ராத்திரி அவன் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கியிருப்பான். அதுதான் பிடிச்சிக்கிச்சு.

இப்ப வேலை விஷயம். இதுல ரெண்டு வழி இருக்கு, ரெண்டும் வேற வேற. டியூட்டிலயோ பேரக்லயோ குடிச்சிட்டு பிடிபட்டா அது டிசிப்ளின் கேஸ், ஆர்மி ஆக்ட் 1950ல செக்‌ஷன் 48ன்னு இதுக்குன்னே தனியா இருக்கு, டியூட்டில இல்லாதப்பவும் அது பொருந்தும். சிஓ, அதாவது யூனிட் தலைமை அதிகாரி, முன்னாடி மார்ச் பண்ணி நிறுத்துவாங்க, நடத்தை ஷீட்ல ரெட் இங்க் என்ட்ரின்னு தண்டனைக் குறிப்பு விழும். அதுக்கு முன்னாடியே அவனா எம்ஐ ரூமுக்கோ (யூனிட் டாக்டர் பார்க்கற இடம்) மிலிட்டரி ஹாஸ்பிட்டலுக்கோ போயி "எனக்கு தூக்கம் வர்ல சார், குடிக்காம இருக்க முடியல"ன்னு சிக் ரிப்போர்ட் பண்ணா அது மெடிக்கல் கேஸ். அட்மிட் பண்ணி ட்ரீட்மென்ட் குடுப்பாங்க, தேவைப்பட்டா கொஞ்ச நாளைக்கு லோ மெடிக்கல் கேட்டகிரில வெப்பாங்க. அந்த மெடிக்கல் கேட்டகிரிய ஷேப்னு சொல்வோம், அதுல மொத எழுத்து எஸ் மனசுக்கு. எஸ்-1 ஃபுல் ஃபிட். அதுல இருந்து எறக்கினா குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவ ரிவ்யூ, சரியானா திரும்ப ஏத்துவாங்க. ஏறி வந்த பசங்க நெறைய பேர்.

கடைசி 25 பர்சென்ட் செலக்‌ஷன்ல மெடிக்கலும் பார்ப்பாங்க, அதனால ஒரு பாதிப்பும் இருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ரைஃபிளோட சென்ட்ரி நிக்கற பையன் கை நடுக்கத்தோட நின்னா என்னாகும்னு யோசிச்சுப் பாருமா. மறைச்சு அனுப்பறது அந்த இடத்துக்குத்தான் அனுப்பறது.

நைட்_டூட்டி_நர்ஸ்:

சைக்யாட்ரி வார்டுல இருக்கேன், ப்ரேக்ல டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

அக்கா அந்த பவுடரை தயவுசெஞ்சு குடுக்காதீங்க. இந்த மாதிரி பவுடர்ல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, பல சமயம் டைசல்ஃபிராம்னு ஒரு மருந்த பொடிச்சு கலந்திருப்பாங்க. அது டாக்டர் எழுதிக்குடுக்கற நல்ல மருந்துதான், ஆனா சாப்பிடறவருக்கு தெரிஞ்சு, ரத்தம் ஈசிஜி எல்லாம் பார்த்து குடுக்கறது. ஆல்கஹால் உடம்புல உடையற வழியை அது பாதில அடைச்சிடும், அந்த நேரத்துல குடிச்சா மூஞ்சி செவந்து, வாந்தி, படபடப்பு, பிபி சட்டுனு எறங்கி ஆள் விழுந்துடுவாங்க, உயிருக்கே ஆபத்து. சாம்பார்ல கலந்து குடுத்துட்டு அவன் மாடிக்கு போயி குவாட்டர் அடிச்சான்னா என்ன பண்ணுவீங்க.

அடுத்தது, கை நடுங்குதுன்னு சொன்னீங்களே, அதான் எனக்கு உறுத்துது. ராத்திரி குடிச்சதோட அளவு காலைல எறங்கும்போது நடுக்கம், வேர்வை, பதட்டம் வந்தா உடம்பு அதுக்கு பழகிடுச்சுன்னு அர்த்தம். இந்த நிலைல ரூம்ல போட்டு பூட்டி "இன்னிலேர்ந்து ஒரு சொட்டு கெடையாது"ன்னு சொல்றது ஆபத்து. நிறுத்தின ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டாவது நாள்லேர்ந்து நாலாவது நாளுக்குள்ள சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாம பெனாத்தற அளவுக்கு போகும். எல்லாருக்கும் வராது, இந்த வயசுல வர்றது கம்மிதான், ஆனா வந்தா வீட்ல சமாளிக்க முடியாது. ஹாஸ்பிட்டல்ல மாத்திரை குடுத்து படிப்படியா எறக்குவாங்க, வைட்டமின் பி1 ஊசி போடுவாங்க, பெரும்பாலும் ஒரு வாரத்துல உடம்பு தெளிஞ்சிடும்.

ஆடிட்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, டபிள்யூஎச்ஓ உருவாக்கினது, பத்து கேள்வி, மொத்தம் 40 மார்க். 8 இல்ல அதுக்கு மேல வந்தா கவனிக்கணும், 20 இல்ல அதுக்கு மேல வந்தா அடிமை ஆகியிருக்க வாய்ப்பு இருக்குன்னு முழுசா பரிசோதிக்கணும். அதுல மூணாவது கேள்வி, ஒரே உக்காரலுக்கு ஆறு ட்ரிங்க் அல்லது அதுக்கு மேல எத்தன தடவன்னு. நம்ம ஊர் ஒரு குவாட்டர் 180 மில்லி, அதுல சுமாரா 60 கிராம் ஆல்கஹால், அதாவது அந்த கணக்குல ஆறு ட்ரிங்க். "ஒரே ஒரு குவாட்டர்தான்"னு சொல்றவங்க எல்லாம் அந்த கேள்வில மாட்டிப்பாங்க.

தூக்கத்துக்குன்னு குடிக்கறதுல இன்னொரு வம்பு, முன் ராத்திரி தூக்கிப் போட்டுடும், பின் ராத்திரி போதை எறங்கும்போது தூக்கம் துண்டு துண்டா உடையும், கெட்ட கனவா வரும். விடியக்காலை கட்டில்ல உக்காந்திருக்கான்னு எழுதினீங்களே, அதுல பாதி சரக்கோட வேலைதான்.

சீனு, சண்டைக்கு போனவனுக்குத்தான் மனசு பாதிக்கும்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் இருக்கு. ஈராக், ஆப்கானிஸ்தான் சண்டை நடந்த காலத்து பிரிட்டிஷ் படைல கிட்டத்தட்ட 10,000 பேரை வெச்சு லண்டன் கிங்ஸ் காலேஜ் பண்ணின ஆய்வு 2010ல வந்துச்சு. அதுல போர் அதிர்ச்சியால வர்ற பிடிஎஸ்டி 4 பர்சென்ட், குடிப் பிரச்சனை 13 பர்சென்ட், சாதாரண மனச்சோர்வு பதட்டம் எல்லாம் சேர்த்து 20 பர்சென்ட் கிட்ட. அது அவங்க நாட்டு கணக்கு, இங்க அப்படியே ஒட்ட முடியாது. ஆனா போர் அதிர்ச்சியை விட குடியும் மனச்சோர்வும்தான் ஜாஸ்தின்னு தெரியுதுல்ல.

அக்கா ஒண்ணு நேரா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. செத்துடலாம்ங்கற மாதிரி ஏதாவது சொல்லியிருக்கானா, கிண்டலா கூட?

சியாச்சின்_தம்பி:

சர்வீஸ்ல இருக்கேன், பேர் வேணாம். அக்கா உங்க தம்பி விசில் பத்தி சொன்னது எனக்கு அப்படியே. ட்ரெயினிங்ல நடுராத்திரி விசில் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல வரிசைல ஃபாலின் நிக்கணும், ஒருத்தன் லேட்டானா மொத்த ப்ளட்டூனுக்கும் ரகடா. எனக்கு ஹிந்தி சுத்தமா வராது, உஸ்தாத் என்ன சொல்றாருன்னு புரியாம பக்கத்துல இருக்கறவனப் பார்த்து பார்த்து பண்ணுவேன், என்னால மத்தவனுக்கும் பனிஷ்மென்ட். ராத்திரி எல்லாரும் முறைப்பானுங்க. வீட்ல போன்ல "நல்லா இருக்கேன்மா, ரொட்டி சூப்பரா இருக்கு"ன்னு சொல்லிட்டு பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். இதெல்லாம் எவன்கிட்ட சொல்றது, ஊர்ல ஃப்ளெக்ஸ் வெச்சு அனுப்பினாங்க.

குடிதான் வழின்னு சொல்லல. யூனிட்டுக்கு போனப்புறம் எனக்கு ஒரு தமிழ் சுபேதார் சாப் கெடைச்சாரு, ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு உக்கார வெச்சு சும்மா ஊர்க்கதை பேசுவாரு, நான் தப்பிச்சேன். உங்க தம்பிகிட்ட "ஏன்டா குடிக்கற"ன்னு கேக்காதீங்க, "அங்க உன் பக்கத்து பெட் யாருடா"ன்னு கேளுங்க. அதுலேர்ந்து வரும் பேச்சு.

பல்லாவரம்_அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பவுடரை கொட்டிட்டேன், அம்மா ரெண்டு மணி நேரம் பேசல.

சியாச்சின் தம்பி சொன்ன மாதிரி மாடில போயி உக்காந்து பக்கத்து பெட் யாருன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துட்டு இருந்தான். ஒரு ஒடிசா பையனாம், ரெண்டு பேருக்கும் பாஷை வராது ஆனா பிஸ்கட் பாக்கெட்ட பங்கு போட்டு சாப்பிடுவாங்களாம், அந்த பையன் பாதி ட்ரெயினிங்ல முடியாம திரும்ப அனுப்பிட்டாங்களாம். "காலைல எந்திரிச்சா அவன் கட்டில்ல மெத்தைய சுருட்டி வெச்சிருந்துச்சுக்கா"ன்னு சொல்லிட்டு அழுதான், சின்ன வயசுல கூட அப்படி அழுது நான் பாக்கல.

நர்ஸ் மேடம் நீங்க கேட்டது. போன வாரம் அம்மா இஎம்ஐ பத்தி புலம்பிட்டு இருந்தப்ப சிரிச்சுட்டே "நான் போயிட்டா 48 லட்சம் இன்சூரன்ஸ் வரும்மா, வீடே கட்டலாம்"னான். அம்மா தொடைல அடிச்சு "வாய கழுவு"ன்னாங்க, அதோட விட்டுட்டோம். நான் ஜோக்குன்னுதான் நெனச்சேன். இப்ப எழுதும்போது கை நடுங்குது.

நைட்_டூட்டி_நர்ஸ்:

அக்கா இனிமே வேலை போகுமா போகாதாங்கறதை ஓரமா வைங்க. தனியா விடாதீங்க, மாடிக்கு தனியா போக வேணாம், இன்னிக்கு ராத்திரி யாராச்சும் அவன் ரூம்லயே படுங்க. "சாகணும்னு தோணுதாடா"ன்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த எண்ணத்தை கெளப்பி விட்ட மாதிரி ஆயிடும்னு பயப்படாதீங்க, அப்படி இல்ல, கேட்டா அவனுக்கு மூச்சு விட இடம் கெடைக்கும். இப்பவே 14416க்கு போன் பண்ணுங்க, டெலி-மானஸ்னு கவர்மென்ட் மனநல ஹெல்ப்லைன், இலவசம், தமிழ்ல பேசுவாங்க, எந்த நேரமும் எடுப்பாங்க. படைல இருக்கறவங்களுக்குன்னே புனே ஏஎஃப்எம்சில (படைகளோட மெடிக்கல் காலேஜ்) தனி செல் 2023 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க. பேசிட்டு நாளைக்கு காலைல ஹாஸ்பிட்டல், ராத்திரி நிலைமை மோசமானா காலை வரைக்கும் காத்திருக்காம 108.

ஹவில்தார்_ரிட்டையர்டு:

நர்ஸம்மா சொன்னதுதான். உங்களுக்கு பக்கம் பரங்கிமலை மிலிட்டரி ஹாஸ்பிட்டல், லீவ்ல இருக்கற ஜவான் உடம்பு சரியில்லனா பக்கத்துல இருக்கற எம்ஹெச்லதான் ரிப்போர்ட் பண்ணணும், அக்னிவீருக்கும் இது உண்டு, காசு கெடையாது. ஐ-கார்டும் லீவ் சர்ட்டிஃபிகேட்டும் ஒரிஜினல் எடுத்துக்கோங்க. அவங்களே யூனிட்டுக்கு சிக்னல், அதாவது ஆபீஸ் தகவல், அனுப்பிடுவாங்க, லீவ் முடியற தேதிக்குள்ள அந்த சிக்னல் போயிட்டா இவன் ஓவர்ஸ்டேல, அதாவது லீவ் தாண்டி தங்கின கேஸ்ல, மாட்ட மாட்டான். இது முக்கியம், பல பேர் வீட்லயே வெச்சிருந்து தேதி தாண்டி, நோயோட சேர்த்து ஆப்சென்ட் கேஸும் வாங்கியிருக்காங்க. போகும்போது அந்த இன்சூரன்ஸ் பேச்சை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுமா, பையன் சொல்ல மாட்டான்.

யூனிட்லேர்ந்து ஒரு ரிப்போர்ட் கேப்பாங்க, சைக்யாட்ரி கேஸ்னா சிஓ எழுதி அனுப்பணும், அதப் பார்த்து பயப்படாதீங்க, அது வழக்கமான ஃபார்ம்தான்.

சீனு_தாம்பரம்:

சிஸ்டர் மேல எழுதினதுக்கு சாரி. பல்லாவரத்துலேர்ந்து பரங்கிமலை போக காலைல வண்டி வேணும்னா சொல்லுங்க, என்கிட்ட ஆட்டோ இருக்கு, காசு வேணாம்.

வியாசர்பாடி_ரேவ்:

குறுக்க வர்றேன், ஒருவேளை எம்ஹெச் வேணவே வேணாம்னு தம்பி அடம்பிடிச்சா சும்மா திரும்ப வீட்டுக்கு கூட்டிட்டு வராதீங்க. கீழ்ப்பாக்கம் ஐஎம்ஹெச் (கவர்மென்ட் மனநல ஆஸ்பத்திரி) இருக்கு, 1794லேர்ந்து நடக்கற ஆஸ்பத்திரி, சினிமாக்காரங்க கிண்டல் பண்ணி பேரைக் கெடுத்து வெச்சிருக்காங்க, போயிப் பார்த்தா அப்படி இல்ல, என் அண்ணன் அங்கதான் சரியானான். இந்திரா நகர்ல குடி நோய்க்குன்னே டிடிகே ஆஸ்பத்திரி இருக்கு, சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல ஆரம்பிச்சது, அங்க குடும்பத்துக்கும் தனியா க்ளாஸ் எடுப்பாங்க, எங்க அண்ணி அங்க உக்காந்துதான் கத்துக்கிட்டாங்க. தெரு முனைல போர்டு மாட்டி வெச்சிருக்கற கண்ட டீஅடிக்‌ஷன் சென்டர்ல மட்டும் விட்றாதீங்க, 2017 மனநலச் சட்டப்படி பதிவு இருக்கான்னு பார்த்துட்டு போங்க, சில எடத்துல கட்டிப்போட்டு அடிக்கறாங்க.

பல்லாவரம்_அக்கா:

ராத்திரி 14416ல பேசினோம். மொதல்ல நான், அப்புறம் போனை அவன் காதுல வெச்சேன், ஆமா இல்லன்னு மட்டும் சொல்லிட்டு இருந்தவன் அப்புறம் கதவ சாத்திட்டு பேசினான். என் வீட்டுக்காரர் அவன் கூட படுத்தார். சீனு அண்ணா ஆட்டோல காலைல எம்ஹெச் போனோம், கேட்ல ஐ-கார்ட காட்டினதும் இவன் தானா நிமிர்ந்து நின்னுட்டான். டாக்டர் ஒரு மேடம், தமிழ்தான், எங்கள வெளிய அனுப்பிட்டு அவன்கிட்ட தனியா ரொம்ப நேரம் பேசினாங்க. இன்சூரன்ஸ் விஷயத்தை நான் தனியா சொல்லிட்டேன். அட்மிட் பண்ணிட்டாங்க. சிக்னல் போயிடுச்சாம்.

அம்மா "25 பர்சென்ட் போச்சே"ன்னு அழறாங்க, கூடவே "புள்ள இருக்கான்ல"ன்னும் அவங்களே சொல்லிக்கறாங்க, மாறி மாறி. நான் என்ன சொல்றதுன்னு தெரியல. வார்டுக்கு அம்மாவ கூட்டிட்டு போகலாமா, அங்க போயி அழுதா அவனுக்கு கஷ்டமாகுமா?

நைட்_டூட்டி_நர்ஸ்:

கூட்டிட்டு போங்க அக்கா, அழுதா அழட்டும். "ஏன்டா இப்படி பண்ண", "வேலை என்னாகும்" இந்த ரெண்டை மட்டும் வாசல்லயே சொல்லி நிறுத்திடுங்க. மொத ரெண்டு மூணு நாள் மாத்திரைல அசந்து தூங்குவான், பேசலன்னு பயப்பட வேணாம். சாப்பாடு எடுத்துட்டு போகலாமான்னு வார்டு சிஸ்டரைக் கேட்டுட்டு, அவனுக்கு பிடிச்சது ஏதாவது செஞ்சு எடுத்துட்டு போங்க. டாக்டர் குடும்பத்தை கூப்பிட்டு பேசற நாள்ல நீங்களும் அம்மாவும் சேர்ந்து போங்க, டிஸ்சார்ஜ்க்கு முன்னாடி மாத்திரை எது, எத்தன நாள், யூனிட்டுக்கு போனா எங்க ரிவ்யூன்னு எழுதி வாங்கிக்கோங்க.

சியாச்சின்_தம்பி:

அக்கா அந்த ஒடிசா பையன் நம்பர் அவன்கிட்ட இருக்கான்னு கேளுங்க.